பிடிபடாத முகம்

அந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். எங்கே என்பதுதான் பிடிபடவில்லை.

காவல் நிலையத்தின் கேமரா அறையில் அவளை உட்காரவைத்திருப்பதே இதற்குத்தான். ஒருமுறை பார்த்த முகம் அவளுக்கு மறப்பதில்லை. தாடி வளரட்டும், தலை நரைக்கட்டும், கன்னம் ஒட்டிப்போகட்டும்; கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் இடையிலான உறவு மாறாது. அது மொத்தமாக வந்து நினைவில் ஓரிடத்தில் சட்டென்று பொருந்தும். இது பொருந்தவில்லை.

தனியாக வசித்த இரண்டு பெண்கள் தூக்கத்திலேயே மூச்சடைத்துச் செத்திருந்தார்கள். இரண்டு தெருக்களின் கேமராவிலும் இவன்.

"மூணாங்கிளாஸ்ல கூடப் படிச்சவனையே பஸ் ஸ்டாண்டு கூட்டத்துல பிடிச்ச ஆளு நீ. இவனைச் சொல்றதுக்கு நல்ல நேரம் பாக்குறியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பார்த்திருக்கேன் சார். நிறைய தடவை. ரொம்பக் கிட்டத்துல."

"சரி, வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வந்து சொல்லு. கண்ணு ரெண்டும் மிளகாயாட்டம் இருக்கு."

எரிச்சலோடு வீட்டுக்கு வந்தாள். இரவுப் பணி என்பதால் பகலில்தான் அவள் தூங்குவது. மதியம்தான், ஆனால் திரைச்சீலைகளை இழுத்துவிட்டதும் அறை மங்கி, ஈரத்துணி வாடையும் மின்விசிறியின் கிறீச்சும் மட்டும் மிஞ்சின. கதவைத் தாழிட்டு, படுத்தபடியே, கேமராவிலிருந்து அச்செடுத்து வந்த அவன் படத்தை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, பால்காரர், பழைய வீட்டுக்காரர், பல் டாக்டர் என்று ஒவ்வொருவராக அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். யாருமில்லை.

"சனியனே, யார்றா நீ?"

கை வலித்தது. படம் நழுவி மார்பில் விழுந்தது. எடுத்தாள். தலைகீழாக.

பொருந்திவிட்டது.

முகத்தைக் கவிழ்த்துவிட்டால் அவளைப் போன்றவர்களுக்கும் தடுமாறும். நேரான முகத்தைத்தான் மூளை முழுசாகப் படிக்கிறது. கவிழ்த்தால் வெறும் கண், வெறும் மூக்கு, வெறும் வாய். அப்படியானால், தலைகீழாக மட்டுமே பழகிய முகம் நேராக நிற்கும்போது அந்நியமாகத்தானே தெரியும்?

தலைகீழாக ஒரு முகத்தை எங்கே பார்ப்போம்?

படுத்திருக்கும்போது. தலைமாட்டில் நிற்பவர் குனிந்தால்.

அரைக்கண்ணில் பார்த்தது. கனவென்று புரண்டு படுத்தது. எத்தனை மதியங்கள்.

ஆனால் தலைமாட்டில் சுவர்தான் இருந்தது. கட்டில் அதை ஒட்டிக் கிடந்தது. விரல் நுழையாது.

மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை. நெற்றியில் சூடாக ஏதோ பட்டது. மூச்சு.

படத்தை மெல்ல இறக்கினாள்.

முகம் இறங்கவில்லை.