பதினான்காம் வாரத்துக் கழுத்து

"கழுத்து அவன் கழுத்து அண்ணாச்சி—"

"அணி என் அணிம்மா! என்னப் பேசி முடிக்க விடுதியா—"

"எட்டு வருசமா நீங்கதான பேசுதிய—"

"பதினாலாவது வாரம்! மூணாவது முட்டல், கழுத்துல அஞ்சாவது எலும்பு! வாரம் சொல்லிருச்சு, எடம் சொல்லிருச்சு, எலும்போட நம்பரும் சொல்லிருச்சு. இன்னும் என்னத்தச் சொல்லணும் உனக்கு?"

"எலும்போட சாதகத்தையும் சேத்துக் கேளுங்க!"

மேசைக்கு ஒரு பக்கம் ஆறுமுகநயினார், தூத்துக்குடி ரக்பி அணியின் இயக்குநர். மறுபக்கம் செலஸ்டின் ரோச், அதே அணிக்குப் பதினொரு ஆண்டுகளாக ஆள் தேர்ந்தெடுத்துத் தருபவர். நடுவில் ஒரு தாள். அணியில் இருக்கும் எல்லோர் பெயரும் அதில் ஏறியிருந்தது, கடைசி வரி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. ஐந்து மணிக்குள் அது கூட்டமைப்புக்குப் போயாக வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இருபது.

அந்தக் கடைசி வரிக்கு உரியவன் கதவோரம் நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தான். இன்னாசி. நூற்று இருபத்திரண்டு கிலோ. தோளுக்கும் தலைக்கும் நடுவே, இத்தனை சண்டைக்கும் காரணமான கழுத்து.

"நான் நல்லாத்தான இருக்கேன், அண்ணாச்சி. தலையத் திருப்பிக் காட்டட்டா?"

"எல்லாரும் அப்பிடித்தாம்ல சொல்லுவாவ. அதுக்குத்தான் நிழலாடி இருக்கு."

ஒவ்வொரு மைதானத்தின் நுழைவிலும் ஒரு நிழல்வாசல் இருந்தது. அதைக் கடந்துபோகும் உடலின் எலும்படர்த்தி, தசைநார் இழுவை, மூச்சு, நாடி எல்லாவற்றையும் அளந்து நிழலாடி என்னும் கணிப்பு இயந்திரத்துக்கு அனுப்பும். நிழலாடி அந்த அளவுகளைக் கொண்டு ஒரு நிழல் செய்து, தனக்குள்ளேயே பத்தாயிரம் ஆட்டங்கள் ஆடவிடும். நிழல் எந்த வாரம் அடிபட்டு விழுகிறதோ அந்த வாரம் ஆளும் விழுவான் என்பது கணக்கு. பருவத்துக்குள் எவருடைய நிழல் விழுந்தாலும் அவர் பெயர் அந்தப் பருவத்தின் பட்டியலில் ஏறக்கூடாது என்பது விதி. எட்டு அணிகளும் ஒரே நிழலாடியைத்தான் கேட்டன. ஓர் அணி தள்ளியவனை மற்ற ஏழும் தொடாது.

அதில் முதலில் காலியானவர்கள் தூண்கள். எட்டுப் பேர் தோள் கோத்துக் குனிந்து எதிரணியின் எட்டுப் பேரைத் தள்ளுவதுதான் ரக்பியின் முட்டல். முன்வரிசையின் இரண்டு ஓரத்திலும் நிற்பவன் தூண். மொத்த பாரமும் அவன் கழுத்தில் இறங்கும். பத்தாயிரம் ஆட்டம் ஆடினால் எந்தத் தூணின் நிழல்தான் விழாது? ஒவ்வொருவராகப் பெயர் நீங்கிப் போக, தேர்ந்த தூண் இல்லாத அணிகள் முட்டலில் தள்ளக்கூடாது என்ற பாதுகாப்பு விதி வந்து உட்கார்ந்தது. இப்போதெல்லாம் பதினாறு பேரும் கட்டிப்பிடித்து நிற்பார்கள், பந்து நடுவே உருளும், பிரிந்துவிடுவார்கள். பார்க்க வந்தவர்கள் அந்த நேரத்தில் வடை வாங்கப் போய்விட்டு வருவார்கள். நிழலாடிக்குள் மட்டும் நிழல்கள் இன்னும் பழையபடியே தள்ளிக்கொண்டிருந்தன.

எட்டு அணியிலும் மிச்சமிருந்த ஒரே தூண் இன்னாசி. போன வாரம் அவன் நிழலும் விழுந்துவிட்டது.

செலஸ்டின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, சண்ட வேண்டாம். ஒண்ணு கேக்கேன். நிழலாடி எத்தன தடவ தப்பாச் சொல்லிருக்கு?"

"ஒரு தடவகூட இல்ல."

"எப்பிடித் தெரியும்?"

"என்ன எப்பிடித் தெரியும்? விலக்குனவன் ஒருத்தன்கூட மைதானத்துல விழல."

"மைதானத்துலயே இல்லாதவன் எப்பிடி அண்ணாச்சி விழுவான்?"

நயினார் வெறும் வரியின் மேல் விரலால் தட்டினார். செலஸ்டின் விடவில்லை.

"விலக்குன உடனே 'கணிப்பு சரி'ன்னு அதுவே எழுதிக்கிடுது. நாப்பத்தொரு பேரு. நாப்பத்தொண்ணும் சரி. போயிப் பாத்தது யாரு?"

"நீ பாத்தியாக்கும்?"

"பாத்தேன். மூட்டுவலின்னு மூணு வாரம் லீவு போட்டேம்லா? அந்த மூட்டோடதான் அலைஞ்சேன். தொபியாஸ ஞாபகம் இருக்கா? நம்ம எடதுபக்கத் தூண். ஒம்பதாவது வாரம் கழுத்து போயிரும்னு அனுப்புனிய. மூணு வருசமா உப்பளத்துல மூட்ட சுமக்கான். தலையில. அதே கழுத்துதான்."

"உப்பு மூட்ட எதுத்துத் தள்ளாதும்மா."

"சனிக்கிழம சாயங்காலம் எதுத்துத் தள்ளுறதுக்கும் அவனுக்கு ஆளு இருக்கு." செலஸ்டின் சன்னல் பக்கம் கையைக் காட்டினார். துறைமுகத்துக்கு அப்பால், ஆளில்லாச் சரக்குப் படகுகள் வரிசையாக நின்ற கடலோரம் தெரிந்தது. "அங்கன, மணல்ல. நீங்க விலக்குனவனுவ இருபத்தாறு பேரு ஆடுதானுவ. வாசலும் கெடையாது, நிழலும் கெடையாது. நெசமான முட்டல். சத்தம் ரோட்டுக்குக் கேக்குது. நம்ம மைதானத்துக்கு வாறதவிடக் கூட்டம்."

"எத்தன பேருக்கு அடி?"

"ஒருத்தனுக்கு மூக்கு போச்சு. ஒருத்தனுக்கு ரெண்டு விரல். இன்னொருத்தனுக்குக் கலியாணம் ஆச்சு. கழுத்து ஒண்ணும் போவல."

இன்னாசி சிரித்தான். நாற்காலியும் சேர்ந்து கிறீச்சிட்டது. நயினார் சிரிக்கவில்லை.

"இதுவர போவல. அதச் சொல்லு." அவர் குரல் தாழ்ந்தது. "சூசைராச ஒனக்குத் தெரியாது. நான் ஆடுன காலம். முன்வரிசைக்கு நடுவுல, பந்தக் காலால இழுக்குத கொக்கி நான், வலது கைப்பக்கம் அவன் தூண். அந்தச் சத்தம் கேட்டது எனக்குத்தான். காஞ்ச முருங்கக் கொம்ப ஒடிச்ச மாதிரி. பதினெட்டு வருசம் கட்டில்ல கெடந்தான். ஞாயித்துக்கிழம தோறும் போயி நான்தான் சவரம் பண்ணி விடுவேன். கன்னத்துல பிளேடு கீறுனாக்கூட அவனுக்குத் தெரியாது. நிழலாடிக்கு மொதக் கையெழுத்து ஏன் போட்டேன்னு கேக்கியே, அதுக்குத்தான்."



"அது தப்புன்னு நான் சொல்லல அண்ணாச்சி," என்றார் செலஸ்டின். "ஒருத்தர் விழுந்தாருன்னு நாப்பத்தொரு பேர நிக்கவே விடாம ஆக்கிட்டிய. அதத்தான் சொல்லுதேன்."

இன்னாசி தொண்டையைக் கனைத்தான்.

"சூசைராசு அண்ணன்ட்ட நீங்க கேட்டதுண்டா, அண்ணாச்சி?"

"என்னத்த?"

"எந்திரிச்சா மறுபடியும் ஆடுவியளான்னு."

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அதெல்லாம் ஒனக்கெதுக்குல?" நயினார் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்கு மேல் இன்னாசி கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

மணி நாலு நாற்பது. நயினார் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"அழுதாலும் விதி விதிதான். நிழல் விழுந்தவன் பட்டியல்ல கெடையாது. வெளிய சிரிக்கானுவ, கடக்கரையில ஆடுதானுவன்னு நான் விதிய மாத்த முடியாது. ஆளுக்கொரு நியாயம் என்கிட்ட இல்ல."

"இல்லல்ல?"

"இல்ல."

"பட்டியல்ல உள்ள அத்தன பேருக்கும் ஒரே விதி?"

"அத்தன பேருக்கும்! எத்தன தடவம்மா சொல்லணும்?"

"ஒரு தடவ போதும். பட்டியல்ல மொதப் பேரு யாரு?"

நயினார் தாளைக் குனிந்து பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை. எட்டு ஆண்டுகளாக முதல் வரியில் ஏறுவது இயக்குநர் பெயர்தான்.

செலஸ்டின் கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து, நீவி, மேசையில் வைத்தார்.

நிழல்வாசல் ஆள் பார்ப்பதில்லை. ஆட்டக்காரனோ இயக்குநரோ, கடந்து போகிற உடலை அளந்து நிழல் செய்துவிடும். ஆட்டக்காரர்களின் நிழலை மட்டுமே கேட்டு வாங்கிப் பழகியதால், மற்ற நிழல்கள் யாரும் திறக்காத அடுக்கில் குவிந்து கிடந்தன. நேற்றுக் காலை செலஸ்டின் அந்த அடுக்கைத் திறக்கச் சொன்னார். நிழலாடி மறுக்கவில்லை. கேட்டதைக் கொடுப்பதுதான் அதன் வேலை. புல்வெட்டுகிறவர் நிழல்கூட பத்தாயிரம் ஆட்டம் முடித்துக் களைத்துக் கிடந்தது, பாவம்.

"உங்கள மைதானத்துல எறக்கல, பயப்படாதிய. மேல பார்வை மாடத்துல, வழக்கமா உக்காருத நாற்காலியில உக்கார வச்சிருக்கு."

நயினார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

ஆறுமுகநயினார். இயக்குநர். பதினோராம் வாரம். இரு அணியும் சம புள்ளி, ஆட்டம் முடிய நான்கு நிமிடம். இதயம். பட்டியலில் ஏற்றற்க.

மறுபடியும் முதலிலிருந்து படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"இது என்ன கூத்து?" என்றார். "மிசினுக்குக் கிறுக்கா? நான் காலையில ஆறு சுத்து நடக்கேன். உப்பக் கொறச்சாச்சு. போன மாசம்தான் டாக்டர் பாத்தாரு, ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்திருக்காரு. அது சொன்னா ஆச்சா? என் ஒடம்பு எனக்குத் தெரியாதா? நான் நல்லாத்தான இருக்கேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அந்தப் பேச்சுக்கு அந்த அறையில் அரை மணிக்கு முன்பே பதில் சொல்லப்பட்டிருந்தது. செலஸ்டின் தன் மூட்டைத் தேய்த்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பத்திரண்டு.

"நீ இத அனுப்பிட்டியா?" நயினார் கேட்டார்.

"இல்ல. நான் நம்பாதத நான் எதுக்கு அனுப்பணும்? நம்புறவுக நீங்க. அதான் உங்க கையில குடுத்திருக்கேன்."

மேசையில் இரண்டு தாள்கள். ஒன்றில் முதல் வரி அவர் பெயர், கடைசி வரி வெறுமை. மற்றதில் பதினோராம் வாரம். பேனா எதன் மேலும் இறங்காமல் நடுவே நின்றது. நயினாரின் இடது கை தன்னையறியாமல் சட்டைப்பைக்கு மேலே போய் அமர்ந்திருந்தது.

இன்னாசி எழுந்தான். நாற்காலி நிம்மதியாக மூச்சு விட்டது. மேசையருகே வந்து, முட்டலுக்கு முன்னால் குனிவதுபோலக் குனிந்து, இரண்டு கைகளையும் தாள்களின் இரு பக்கத்திலும் ஊன்றிக்கொண்டான். கண்ணுக்கு நேரே கண்.

"உங்களுக்குப் பதினொண்ணு, எனக்குப் பதினாலு. ஆடிப் பாத்துருவமா, அண்ணாச்சி?"