இரண்டு விரற்கடை மணல்

தொட்டிக்குள் இருந்த கடல் முள்ளெலி, உடம்பெல்லாம் முள்ளான அந்தச் சிறு உருண்டை, அன்று காலை தன் மேல் ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் துண்டைச் சுமந்துகொண்டிருந்தது.

அது சுமப்பதில் வியப்பில்லை. அந்த இனத்து முள்ளெலிகள் அப்படித்தான். சிப்பி, கல், பாசி என்று அடியில் கிடப்பதையெல்லாம் நூல் போன்ற கால்களால் பற்றி உடம்பின் மேல் ஏற்றி, வெளிச்சத்திலிருந்து ஒளிந்துகொள்ளும். காசிராஜன் அதற்காகவே சிப்பிகள் போட்டு வைத்திருந்தான். அவையெல்லாம் மணலில் சிதறிக் கிடந்தன. நோய் வந்த பிறகு அதனால் ஒன்றையும் தூக்க முடியவில்லை. நான்கு நாளாக முட்கள் உதிர்ந்து, ஊதா ஓட்டில் ஒரு நாணய அளவுக்கு வழுக்கை விழுந்திருந்தது. வளையல் துண்டு அந்த வழுக்கையின் மேல் இருந்தது.

அதை எடுத்துத் துடைத்து ஜன்னலோரத் தட்டில் வைத்தான். தட்டில் ஏற்கெனவே, இதற்குமுன் தொட்டியில் கிடைத்த ஒரு ரவிக்கைக் கொக்கியும் ஒரு கொண்டை ஊசியும் இருந்தன. வீட்டில் எங்கேனும் கிடந்தவை தவறி உள்ளே விழுந்திருக்கும் என்று அவற்றைப் பற்றி நினைத்துக்கொண்டான். வளையலை அப்படி நினைக்க வழியில்லை. கடற்கரைக்குப் போகிற வழியில், ஒரு கடையில் வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டாள் அவன் மனைவி மாலா. அந்த வளையல்கள் இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. அவளும் திரும்பி வரவில்லை.

ஆறு மாதம் ஆகிறது. பாறை இடுக்கிலிருந்து முள்ளெலியைக் கண்டெடுத்தவள் அவள்தான். "குத்தாலத்து ரம்புட்டான் மாரியே இருக்கு பாருங்க" என்று சிரித்துத் தண்ணீர்க் கேனில் போட்டாள். ஒரு கையில் கேன், மறு கையில் அவள் கை என்று காசிராஜன் பாறைமேல் வந்துகொண்டிருந்தபோது அந்த அலை அடித்தது. கேன் சாய்ந்தது. "கேனப் பிடிங்க!" என்றாள். அவன் இரண்டு கையாலும் பிடித்தான்.

கேன் கவிழவில்லை.

உடல் கிடைக்கவில்லை. அவன் அழவுமில்லை. அன்றிலிருந்து விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை. கொதிக்கிற டீ டம்ளரைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருப்பான். டீக்கடைக்காரர்தான் பதறி வாங்கிக் கீழே வைப்பார். தாலுகா அலுவலகத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, உப்புத்தூளைக் கலக்கி, அளவு பார்த்து, வெயிலுக்கு ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு, முட்டைக்கோஸ் இலையை நறுக்கிப் போட்டு அந்தத் தொட்டியின் முன்னாலேயே இருந்தான். கடல் தண்ணீர் கொண்டுவருவதில்லை. கடல் பக்கமே போவதில்லை. இது செத்துவிட்டால், எதற்காகக் கையை விட்டாய் என்ற கேள்விக்கு அவனிடம் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

தூத்துக்குடியில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் முகம்மது அப்சலுக்குப் போன் செய்தான்.

"முள்ளு உதிர ஆரம்பிச்சா பெரும்பாலும் தேறாது அண்ணாச்சி" என்றார் அப்சல். "தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. காத்து நிக்காம போகட்டும். மருந்து மாயம்னு எதையும் உள்ள போட்டுராதீங்க."

"அது மேல ஒரு வளையத் துண்டு கெடந்துச்சி, பாய்."

"மணலுக்குள்ள கெடந்திருக்கும்."

"மணல நாலு தடவ கழுவித்தான போட்டேன். ரெண்டு விரக்கடைதான் இருக்கு. அதுக்குக் கீழ கண்ணாடி."

"அப்பம் எனக்குத் தெரியல அண்ணாச்சி" என்றார் அப்சல்.

மறுநாள் ஊரில் மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணிக்குத் தெருவின் விசைத்தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. இரவும் பகலும் சுவரை அதிரவைக்கும் அந்தத் தடதடப்பு போனதும், வீடு தண்ணீருக்குள் அமிழ்ந்ததுபோல் இருந்தது. தொட்டியின் காற்று மோட்டாரும் நின்றுவிட்டது. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டாரை மாட்டினான். முள்ளெலியின் பக்கவாட்டு முட்களும் சாய்ந்துவிட்டன. அதன் மேல் இப்போது வெண்மையாக ஏதோ இருந்தது. சிப்பிச் சில்லு என்று நினைத்து விரலில் ஒட்டி எடுத்தான்.

நகம். முழு நகம். பாதி உரிந்த ஊதாச் சாயம்.

அதையும் தட்டில் வைத்தான்.

பக்கத்து வீட்டுப் பொன்மணி கதவைத் தட்டினாள். தறி நின்றதால் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். கையில் காகிதப் பொட்டலம்.

"இந்தாங்க தம்பி, புத்துமண்ணு. நெத்தியில பூசிட்டு, கொஞ்சம் அந்தத் தொட்டிக்குள்ளயும் போடுங்க. சங்கரன்கோவில்ல இருந்துக்கிட்டு இதக்கூடச் செய்யலன்னா எப்படி?"

"எதையும் போடக் கூடாதுன்னு கடைக்காரர் சொல்லுதாரு, அக்கா."

"அவருக்கு என்ன தெரியும்? ஊருல எல்லாரும் பூச்சிபொட்டு வீட்ட விட்டுப் போவணும்னு வெள்ளித்தகடு வாங்கி உண்டியல்ல போடுதாக. நீங்க என்னடான்னா ஒரு பூச்சி போயிரக் கூடாதுன்னு லீவு போட்டுட்டு உக்காந்திருக்கீங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் திரும்பினாள்.

"நேத்து சாயங்காலம் வீட்டுக்கு யாரும் வந்திருந்தாகளா தம்பி?"

"இல்லியே."

"சொவத்துக்கு அங்கன வளையச் சத்தம் கேட்டுச்சி. தறி ஓடும்போதே கேட்டுச்சி, அதான்."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

பதினொரு மணிக்குப் பேட்டரி தீர்ந்தது. குமிழிகள் நின்றன. வெளியே வெயில் தெருவை வெளுக்க வைத்துக்கொண்டிருந்தது. உள்ளே காற்றே இல்லை. எங்கிருந்தோ வந்த பிரியாணி மணத்துக்கு அடியில் இன்னொரு வாடை, காய்ந்த பாசியும் ஈரத் துணியும் சேர்ந்த வாடை, மெல்ல எழுந்து கூடத்தை நிறைத்தது. முட்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, அவசரமில்லாமல், மணலை நோக்கி இறங்கின. ஒன்று. இன்னொன்று. பிறகு மூன்று சேர்ந்தாற்போல்.

அவன் பொட்டலத்தைப் பிரித்தான். கூடாது என்று தெரியும். கொட்டினான்.

செம்மண் புகைபோல் இறங்கித் தொட்டி முழுவதும் பரவியது. கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. மண்ணுக்குள் அது மூச்சுத் திணறும், வெளியே எடுக்க வேண்டும் என்று நினைத்து, சட்டைக் கையைச் சுருட்டிக் கலங்கலுக்குள் கையை விட்டுத் துழாவினான்.

ஏதோ அவன் விரல்களைப் பற்றியது.

மென்மையாக, ஒட்டினாற்போல், நூல் நூலாக. முள்ளெலியின் கால்கள். உயிர் இருக்கிறது. அந்தத் தொடுகை அவனுக்குத் தெரிந்தது. ஆறு மாதத்துக்குப் பின் முதல் முறையாக விரல் நுனிகளில் குளிர் தெரிந்தது. பிடி மெல்ல இறுகியது. இன்னும் கொஞ்சம் கீழே. அவன் குனிந்தான். கையை அதன் போக்கில் விட்டான். கண்ணை மூடி அப்படியே நின்றான்.

மண் படியத் தொடங்கியது. மேலிருந்து கீழாகத் தண்ணீர் தெளிந்தது.

முள்ளெலி தொட்டியின் மறு மூலையில் கிடந்தது. அடிப்பக்கம் இருக்க வேண்டிய வாய் மேலே பார்க்க. ஒரு முள்ளும் இல்லை. ஓட்டின் உள்ளே வெறுமை.

பிடி விடவில்லை.

அவன் தன் கையைப் பார்த்தான். முழங்கைவரை தெரிந்தது. அதற்குக் கீழே மணல். கை மணலுக்குள் இறங்கியிருந்தது. இரண்டு விரற்கடை மணல். அதன் கீழே கண்ணாடி. கண்ணாடியின் கீழே இரும்பு ஸ்டாண்ட். ஸ்டாண்டின் கால்களுக்கிடையே வெறும் தரை.

மணலுக்குள் அவன் கட்டைவிரல் அசைந்தது. பற்றியிருந்த விரல்களைத் தடவியது. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவதில் நகம் இல்லை.

தெருவில் மின்சாரம் வந்தது. தறிகள் எல்லாம் ஒன்றாகத் தடதடத்தன. ஜன்னலோரத் தட்டு அதிர்ந்தது. மோட்டார் குமிழிகளைக் கக்கியது. அவன் தோள் தண்ணீருக்குள் போனது. கன்னம் நனைந்தது. உதட்டில் உப்பு.

தறிச் சத்தத்துக்கு ஊடே, மணலுக்கு அடியில், வளையல்கள் குலுங்கின.