காற்றுத் துளை வைத்த பெட்டி

புத்தூர் பைபாஸ் ஓரத்தில், ஓடாமல் நின்றுபோன அரிசி மில்லுக்குள்தான் ஜெபகுமார் அண்ணனின் பட்டறை. காலை வெயிலிலிருந்து எங்கள் ஜீப் உள்ளே நுழைந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பழைய தவிட்டு வாசனையும் வெல்டிங் புகையும் கலந்து எனக்குக் குமட்டியது. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம்.

என் வீட்டுக்காரர் சுதீர், சென்னையிலிருந்து வருகிறவர்களைக் கைலாசகோனா அருவிக்கும் நாகலாபுரம் காட்டுக்கும் ஜீப்பில் கூட்டிப் போகிறவர். அவர்கள் குளிக்கப் போனால் கேமராவும் போனும் வண்டியிலேயே கிடக்கும். ஒருமுறை யாரோ கண்ணாடியை உடைத்து எடுத்துப் போய்விட்டார்கள். அதனால் பின்பக்கம் வெளியே தெரியாத மாதிரி ஒரு டிராயர் வேண்டும் என்றார். நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

ஜெபகுமார் அண்ணன் அட்டையை வெட்டி ஜீப்பின் தரையில் வைத்துப் பார்த்தார். சக்கர மேட்டின் வளைவுக்கு ஏற்றபடி நறுக்கினார். தரைக்கு மேலே பிளைவுட்டில் ஒரு பொய்த் தரை, அதற்கு அடியில் சத்தமில்லாமல் ஓடும் டிராயர், எல்லாவற்றையும் மூடப் பழைய கார்ப்பெட். தாழ்ப்பாள் டெயில் லேம்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

"அடியில இன்னா போடட்டும் சுதீரு? ரப்பர் மேட்டா?"

"செவப்பு வெல்வெட்டு போடுண்ணா. அப்டியே சைடுல சின்னச் சின்னதா ஓட்டை வுட்டுடு. காத்து போவட்டும்."

அண்ணன் டிரில்லிங் மெஷினைக் கீழே வைத்தார். "கேமராவுக்கு எதுக்குய்யா காத்து?"

சுதீர் சிரித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. நல்லவள் வேஷமெல்லாம் எனக்கு வராது. நான் அவருக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் பிரமிளா ஒரு பிள்ளைக்காகக் கோயில் கோயிலாகச் சுற்றி, அது கிடைக்காமலே விஷக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். பூவும் பொட்டுமாகப் போனவளை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். அவள் பேரில் மஞ்சள் தண்ணீரில் நனைத்த புடவை ஒன்றை மூடி போட்ட கூடைக்குள் வைத்து வீட்டிலேயே வைத்திருப்பார்கள். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அந்தக் கூடைக்கு முன்னால் வைக்க வேண்டும். அவள் தொட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். என் கல்யாணப் புடவையையே என் மாமியார் ரத்தினம்மா அப்படி வைத்துத்தான் எடுத்துக் கொடுத்தார். அவள் கட்டி அவிழ்த்துப் போட்டதைக் கட்டிக்கொண்ட மாதிரி எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வயிற்றில் பிள்ளை தங்கியதும் கறாராகச் சொல்லிவிட்டேன். "அந்தக் கூடை இருக்கிற வூட்ல நான் இருக்க மாட்டன். எனக்குன்னு வர்றத நான்தான் மொதல்ல தொடுவன். என் புள்ளய யாருக்கும் படைக்க மாட்டன்."

"அப்டியெல்லாம் பேசாதம்மே" என்று மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

சுதீர் வாதாடவில்லை. ஆற்றில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பாடா, இனி இந்த மனுஷன் எனக்கு மட்டும்தான் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

டிராயர் வந்த பிறகு ஜீப்பில் ஒரு வாசனை வந்தது. ஈர மஞ்சள் துணியைப் பிழியாமல் மடித்து வைத்த மாதிரி ஒரு புழுக்க வாசனை. மேட்டில் ஏறும்போதெல்லாம் பின்னாலிருந்து மெல்ல ஒரு சத்தம்.

சர்ர்ர்... டக்.

வீட்டிலிருந்து என் சாமான்களும் காணாமல் போக ஆரம்பித்தன. அவர் வாங்கிக் கொடுத்த கொலுசு, வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல், பிள்ளைக்கென்று நான் ஆசையாக வாங்கிய குட்டிச் சட்டை. மாமியார்மேல் சந்தேகப்பட்டு ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கைலாசகோனாவுக்குக் கூடப் போனேன். படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஜீப்பிலேயே உட்கார்ந்தேன். சுதீர் ஆட்களை அழைத்துக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார். நல்ல பகல். மரத்தில் குரங்குகள் கத்திக்கொண்டிருந்தன.

குரங்குகள் ஒரேயடியாக ஓய்ந்தன.

சர்ர்ர்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

டக்.

இறங்கிப் பின்பக்கம் போனேன். டெயில் லேம்புக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினேன். நான் தாழ்ப்பாளைத் தொடுவதற்குள் டிராயர் தானே வெளியே வந்தது.

சிவப்பு வெல்வெட்டின்மேல் அந்தக் கூடை இருந்தது. பக்கத்தில் என் கொலுசு, என் வளையல், என் பிள்ளையின் சட்டை. கூடைக்குள்ளிருந்த புடவை இப்போதுதான் நனைத்த மாதிரி சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

எனக்குப் பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். பேய்க்கு என்ன, அது பேய். இந்த மனுஷன் அவளுக்கென்று வெல்வெட் போட்டு வீடு கட்டியிருக்கிறாரே!

சுதீர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஆத்துல வுட்டன்னியே மாமா?"

"மனசு வர்ல தரணி." அவர் குரல் உள்ளே போய்விட்டது. "மூடி வெச்சா மூச்சு முட்டுமேன்னு..."

"செத்தவளுக்கு மூச்சு முட்டுதா? அப்ப நான் யாரு உனுக்கு?"

அவர் டிராயரைக் குனிந்து பார்த்தார். "நான் கூடைய மட்டும்தான் வெச்சன். வளையலு நான் வெக்கல. அம்மா சத்தியமா வெக்கல."

மறுநாளே பட்டறைக்குப் போய் எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னேன். ஜெபகுமார் அண்ணன் ஸ்க்ரூவைக் கழற்றிப் பலகையைத் திருப்பியவர், அப்படியே நின்றுவிட்டார். அவர் போட்ட காற்றுத் துளைகள் ஒவ்வொன்றும் விரல் நுழையும் அளவு பெரிதாகியிருந்தன. உள்பக்கத்து ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"ஏசப்பா" என்று மார்பில் கை வைத்தார். "இது உள்ளேர்ந்து தேஞ்சிக்கிதும்மா."

பலகையை அங்கேயே எரித்தோம். கூடை ஏரியில் முழுகும்வரை நான் கரையிலேயே நின்றேன். ஜீப்பின் பின்பக்கம் வெறும் தகரமாகிவிட்டது. சுதீர் அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசவில்லை. போகட்டும், பிள்ளை வந்தால் எல்லாம் மாறும், அதன் முகத்தைப் பார்த்தால் அவளை மறந்துவிடுவார் என்று அதையே பிடித்துக்கொண்டு இருந்தேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. ஆபரேஷன். எனக்குப் பால் ஊறவில்லை. பவுடர் பாலைக் கொடுத்தால் அவள் பாதிக்கு மேல் துப்பிவிட்டுக் கத்தினாள். போகப் போக ஊறும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மத்தியான வெயிலில் ஜீப்பில் வீட்டுக்குக் கிளம்பினோம். நான் பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பசியில் அவள் தொண்டை கிழிய அழுதாள். வடமாலபேட்டை தாண்டியதும் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

சர்ர்ர்... டக்.

திரும்பிப் பார்த்தேன். வெறும் தகரம்.

சர்ர்ர்... டக். தொட்டிலை ஆட்டுகிற மாதிரி, நிதானமாக.

சுதீர் வண்டியை ஓரம் கட்டினார். கண்ணாடி வழியாகத்தான் என்னைப் பார்த்தார். கண் நிறையத் தண்ணீர்.

"தரணி... ஒரே ஒரு வாட்டி பின்னாடி காட்டிட்டு வாங்கிக்கயேன். மொதல்ல அவ தொடட்டும்."

"என் உசுரே போனாலும் குடுக்க மாட்டன்."

குழந்தையை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டேன். மஞ்சள் வாசனை மூக்கில் ஏறியது. என் தோளுக்கு மேலாக யாரோ குனிகிற மாதிரி கழுத்தில் ஈரம் பட்டது.

அழுகை நின்றது.

கீழே பார்த்தேன். என் முந்தானை மூடியே இருந்தது. குழந்தையின் முகம் என் பக்கம் இல்லை, வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் குவித்து எதையோ சப்பிக்கொண்டிருந்தாள். தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்கியது.

கடைவாயில் வெள்ளையாகப் பால் வழிந்தது.

வயிறு நிறைந்ததும் என் மகள் ஏப்பம் விட்டுத் தூங்கினாள்.

ஜீப்பை விற்றாகிவிட்டது. இப்போது எனக்குப் பால் ஊறுகிறது. மார்பு கட்டிக்கொண்டு ராவும் பகலும் வலிக்கிறது. குழந்தை வாயே வைப்பதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். புட்டியையும் தொடுவதில்லை. பசிக்கிற நேரம் வந்தால் என் தோளுக்கு அப்பால் பார்த்துக் கையை நீட்டிச் சிரிக்கிறாள். நேற்று தடுப்பூசி போடக் கூட்டிப் போனேன். டாக்டர் அவளைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தட்டிக் கொடுத்தார்.

"எடை சூப்பரா ஏறியிருக்கே. நல்லா பால் குடுக்கறம்மா நீ."