செத்தவரின் பிரஷர் 140/90

போன் அடித்தது.

செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு தொடர்மாடியின் நாலாம் தளத்தில், சுபோதினி தேநீரோடு அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். வயது அறுபத்தொன்று. அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் நோயாளர் பைல்களைக் காத்து ஓய்வு பெற்றவள். இனி எதற்கும் அவசரப்படுவதில்லை என்று முடிவெடுத்து ஒரு வருடம் ஆகிறது.

"மிஸ்... டோரின் பேசுறேன். கீழ் வீட்ல இருந்து. ஐயா எழும்புறார் இல்ல."

"நித்திரையா இருப்பார்."

"இல்ல மிஸ். முகத்துக்கு மேல தலகாணி இருக்கு."

சுபோதினி தேநீரைக் கீழே வைத்தாள்.

மூன்றாம் தளம். கதவு திறந்திருந்தது. படுக்கையறையில் ஏ.சி. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் தில்லைநாதன். எழுபத்தாறு வயது, தனியாள், ஒல்லியான மனிதர். சுபோதினி அவருடைய கையைத் தொட்டாள்.

விறைத்திருந்தது. கை மட்டுமில்லை. தாடை, முழங்கால்... எல்லாம்.

"எத்தினை மணிக்கு வந்தனீர் டோரின்?"

"பத்து மணிக்கு மிஸ். எப்பவும் போல கொட்டாஞ்சேனையில இருந்து பஸ்ல வந்தேன். எங்கிட்ட இருக்கிற சாவியால தொறந்தேன். சமைக்கப் போறதுக்கு முந்தி ஐயாவுக்குத் தேத்தண்ணி குடுக்கணுமேன்னு..."

டோரின் இங்கே சமையலுக்கு வருபவள். ஐந்து வருடமாக இந்தக் கிழவரைப் பார்த்துக்கொண்டவள்.

"பொலிசுக்கு எடுப்பம்."

"பயமா இருக்கு மிஸ்."

சுபோதினி தானே பொலிசுக்குப் போன் அடித்தாள்.

பன்னிரண்டு மணிக்கு டோரினை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஒரு மணிக்கு சுபோதினி பொலிஸ் ஸ்டேஷனில், பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி.யின் மேசைக்கு முன்னால் நின்றாள். கதிரை இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை. பக்கத்தில் சப் இன்ஸ்பெக்டர் யோகராஜ். அதே ஒழுங்கையில் வாடகைக்கு இருப்பவன், தெரிந்த ஆள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஓ.ஐ.சி. சிங்களத்தில்தான் பேசினார். நல்ல மனிதர்தான். மூன்று நாளாகத் தூங்காதவர் போல இருந்தார்.

"அம்மா, இதில குழப்பமே இல்லை. தில்லைநாதன் இன்றைக்குக் காலமை எட்டு நாற்பதுக்கு ஆஸ்பத்திரி கிளினிக்கில இருந்திருக்கிறார். பிரஷர் நூற்று நாற்பது, தொண்ணூறு. சுக அட்டைப் பதிவு சொல்லுது. பிறகு வீட்டுக்கு வந்திருக்கிறார். பத்து மணிக்கு இந்தப் பொம்பிளை வந்தவள். பத்து இருபதுக்கு ஆள் பிணம். பூட்டு உடைபடேல்லை. வேற ஆர்?"

"சேர், நான் தொட்டுப் பார்த்தனான். உடம்பு முழுக்க விறைச்சிருந்தது. ஒரு மணித்தியாலத்தில அப்பிடி விறைக்காது."

"நீங்க டொக்டரா?"

"இல்லை."

"சவச்சாலை டொக்டர்மார் ஸ்ட்ரைக். பிரேதப் பரிசோதனை வியாழக்கிழமைதான்."

"வாசல் காவலாளி என்ன சொன்னவர்? ஐயா வெளியில போனதைக் கண்டவரோ?"

"காணேல்லையாம். நித்திரை கொண்டனியோ எண்டு கேட்டன். இருக்கலாம் எண்டவன்." ஓ.ஐ.சி. கொட்டாவி விட்டார். "கம்ப்யூட்டர் நித்திரை கொள்ளாது அம்மா."

"மருமகன்? தங்கச்சின்ர மகன் பிரியந்தன்? அவரிட்டயும் ஒரு சாவி இருக்கு. நேற்றுப் பின்னேரம் வந்து போனவர்."

"அவர் எட்டு மணியில இருந்து கல்கிசையில ஒபிசில. விரல் அடையாளம் வைச்சிருக்கிறார். மாமன் எட்டு நாற்பதுக்கு உயிரோட. அந்தப் பிள்ளைக்கு இதில ஒரு சம்பந்தமும் இல்லை." பைலை மூடினார். "நாலு மணிக்கு நீதவானிட்ட கொண்டு போறம். பதினாலு நாள் விளக்கமறியல்."

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் டோரின் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ், ஒருக்கா உள்ள போய் வந்தவளுக்கு யாரு வேல குடுப்பாங்க? எங்க தெருவே இதப் பேசி முடிச்சிரும்."

சுபோதினி வெளியே வந்து காலி வீதி வெயிலில் நின்றாள். மணி ஒன்று இருபத்தைந்து. இரண்டரை மணி நேரம் இருந்தது.

சுக அட்டை.

அடையாள அட்டை இலக்கமே நோய்க்கும் இலக்கம். ஒரு இலக்கத்தைத் தட்டினால் உன் சீனி, உன் இருதயம், உன் கருப்பை, எல்லாம் எந்த இலாகாவிலும் தெரியும். போன வருடம் இதை எதிர்த்து அமைச்சுக்கு முன்னால் சுலோகம் எழுதிய மட்டையோடு உட்கார்ந்தவள் சுபோதினி. இலவச வைத்தியத்துக்காக இளமையில் தடியடி வாங்கியவள். "மருந்து தாங்கோ, பைலைப் பொலிசுக்குத் தராதேங்கோ" என்று எழுதியிருந்தாள். பதினொரு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் இவர்களை எண்ண வந்த பொலிசார்.

அவள் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரிப் பதிவறையில் இப்போது மர்லியா. சுபோதினியிடம் வேலை பழகியவள்.

"மர்லியா, ஒரு பைல் பார்க்க வேணும்."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம்.

"மிஸ், யாரோட பைலோ தொறந்து பாத்ததுக்கு ஒரு கிளார்க்க நீங்கதானே வேலைய விட்டே அனுப்பின?"

"ஓம். அனுப்பினனான்."

"இப்ப நீங்களே கேக்கிற."

"கேக்கிறன். வெக்கமாத்தான் இருக்கு. ஆனா நாலு மணிக்கு ஒரு அப்பாவியைக் கூண்டில ஏத்தப் போறாங்கள்."

விசைப்பலகை தட்டும் சத்தம்.

"தில்லைநாதன்... இண்டைக்கு எட்டு நாப்பது. பிரஷர் நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறு. நிறை எம்பத்தி நாலு கிலோ."

"எத்தினை?"

"எம்பத்தி நாலு."

மழையில் நனைந்த கோட்டோடு நிறுத்தாலும் தில்லைநாதன் ஐம்பதைத் தாண்டமாட்டார்.

"முந்தின மாசங்கள்?"

"எம்பத்தி மூணு... எம்பத்தி நாலு... ஆறு மாசமா அப்பிடித்தான். அதுக்கு முந்தி நாப்பத்தொம்பது. யா அல்லாஹ்... மனுசன் ஒரே மாசத்துல முப்பத்தஞ்சு கிலோ கூடி ஈக்கிறார். ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கல்லயே மிஸ்?"

"கட்டத்தை நிரப்பினாப் போதும் எண்டு விட்டிருப்பினம். கிளினிக் நேர்சிட்ட ஆள் எப்பிடி எண்டு கேட்டுச் சொல்லும்."

சுபோதினிக்கு விளங்கத் தொடங்கியது. முன்பு கிளினிக் என்றால் மருந்தெழுதும் ஒரு கொப்பி. வரிசையில் நிற்கமுடியாதவர்களின் கொப்பியை யாராவது ஒருவர் கொண்டுபோய் மருந்துக் குளிசை வாங்கி வருவார். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஒருவர் கையில் ஐந்து வீட்டுக் கொப்பி இருக்கும். கொப்பி போய் அட்டை வந்தது. பழக்கம் போகவில்லை. ஆனால் பிரஷர் பதியாவிட்டால் இந்தக் கம்ப்யூட்டர் மருந்து விடாது. ஆகவே வந்தவனின் கையில் பட்டியைச் சுற்றி, வராதவனின் பெயரில் பதிவார்கள்.

பத்து நிமிடத்தில் மர்லியா திரும்ப எடுத்தாள்.

"நேர்சுக்கு நல்லா ஞாபகம் மிஸ். மீசை, தொந்தி, நாப்பது வயசு ஈக்கும். சாதாரண சேர்ட்தானாம். ஆனா கால்ல பொலிஸ் சப்பாத்து."

சுபோதினி திரும்பினாள்.

ஸ்டேஷன் வாசலில் யோகராஜ் நின்றான். பளபளவென்று மினுக்கிய சப்பாத்து.

அவனை வேலி ஓரத்துக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீர் எத்தினை கிலோ?"

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"அக்கா..."

"ஐயான்ர அட்டை எங்க?"

அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

"என்னட்டத்தான் இருக்கு. ஆறு மாசமா." ஸ்டேஷன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். "ரெண்டு தரம் ப்ரமோஷன் தவறிப்போச்சு அக்கா. இந்த முறை கடைசி. பிரஷர் எண்டு என்ர இலக்கத்தில விழுந்தா டிபார்ட்மென்ட் பார்க்கும். வயித்தைப் பார்த்து ஏற்கெனவே சிரிக்கிறாங்கள். ஐயாதான் சொன்னவர்... எனக்கு வரிசையில நிக்க ஏலாது, உமக்குப் பேர் குடுக்க ஏலாது, ரெண்டு பேருக்கும் ஒரே குளிசை, என்ர அட்டையைக் கொண்டு போம் எண்டு. பாதி பாதியாப் பிரிச்சம்."

"காலமை அவரைக் கண்டனீரோ?"

"இல்லை. நேர போயிட்டு நேர டியூட்டிக்கு வந்திட்டன்."

"ஓ.ஐ.சி. அந்தப் பதிவைச் சொல்லேக்க நீர் பக்கத்தில நிண்டனீர்."

"நிண்டனான்."

"வாய் திறக்கேல்லை."

"திறந்தா நான் அரசாங்கத்தை ஏமாத்தினவன் அக்கா. வேலை போயிடும். ரெண்டு பிள்ளையள்."

சுபோதினிக்குக் கோபம் வந்தது. அது இவன் மேலா, அட்டை மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. பாவமாகவும் இருந்தது.

"நான் ஒருத்தரிட்டயும் சொல்ல மாட்டன்," என்றாள். "உம்மட பிரஷர் வருத்தம் உம்மட சொந்த விசயம். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனா டோரினுக்கும் ஒரு பிள்ளை இருக்கு. அதையும் யோசியும்."

அவள் உள்ளே போய், யாரும் சொல்லாமலே கதிரையில் உட்கார்ந்தாள். கால் வலித்தது.

மூன்று இருபது.

பிரியந்தன் வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க வந்திருந்தான். முப்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சேர்ட், சிவந்த கண்கள். தில்லைநாதனின் தங்கை மகன். மாமாவின் வீட்டை விற்றுக் கனடா போகவேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன்.

கதவு திறந்தது. யோகராஜ் வந்து நேராக நின்றான். சட்டைப் பையிலிருந்து சுக அட்டையை எடுத்து மேசையில் வைத்தான்.

"சேர், எட்டு நாற்பதுக்குக் கிளினிக்குக்குப் போனது அவர் இல்லை. நான்."

ஓ.ஐ.சி. அட்டையைப் பார்த்தார். யோகராஜின் வயிற்றைப் பார்த்தார்.

"என்ன சொல்றாய் எண்டு தெரியுமா? உன்னை இடைநிறுத்துவாங்கள்."

"தெரியும் சேர்."

ஓ.ஐ.சி. மெதுவாகப் பிரியந்தன் பக்கம் திரும்பினார்.

"அப்ப கடைசியா அவரைக் கண்டது நீர்."

பிரியந்தன் பதறவில்லை.

"ஓம் சேர், நேற்று ஏழு மணிக்கு. உயிரோடதான் விட்டிட்டு வந்தனான். அதுக்குப் பிறகு ஆர் வந்தாங்களோ... அன்ரி, நீங்களே சொல்லுங்கோ, நான் அப்பிடிப்பட்ட ஆளோ? இண்டைக்குக் காலமைகூட மாமாவுக்கு ஏழு தரம் கோல் எடுத்தனான். அவற்ற போனைப் பாருங்கோ."

யோகராஜ் மேசையில் இருந்த செத்தவரின் போனைத் திறந்தான்.

"ஓம் சேர். எட்டு நாற்பத்திமூண்டில இருந்து ஒன்பது இருபது வரைக்கும். ஏழு."

"ஏன் தம்பி எடுத்தனீர்?" என்றாள் சுபோதினி.

"கிளினிக்கால மெசேஜ் வந்தது அன்ரி. மாமா போற ஒவ்வொரு முறையும் எனக்கு வரும். நெருங்கின சொந்தம் எண்டு என்ர நம்பரைத்தான் அவங்கள் போட்டிருக்கிறாங்கள்."

"மாமாவைக் கேட்டோ?"

"அவங்கள் ஆரைக் கேட்டாங்கள்."

"அதை வாசியும்."

வாசித்தான். "தில்லைநாதன் இன்று காலை 8.40க்கு கிளினிக் வந்தார். அழுத்தம் 140/90. நிலை திருப்தி."

"திருப்தி எண்டு வந்திருக்கு. பிறகேன் ஏழு தரம்?"

பிரியந்தன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"யோகராஜ், இதுக்கு முந்தின ஆறு மாசத்தில இவர் மாமாவுக்கு எத்தினை தரம் எடுத்திருக்கிறார்?"

யோகராஜின் விரல் திரையில் நகர்ந்தது... நகர்ந்தது...

"ஒருக்காவும் இல்லை அக்கா."

"மாசா மாசம் திருப்தி எண்டு மெசேஜ் வரேக்க பேசாம இருந்தனீர்." சுபோதினியின் குரல் உயரவே இல்லை. களைத்துப் போயிருந்தது. "இண்டைக்கு மட்டும் மாமா நல்லாயிருக்கிறார் எண்டதும் இவ்வளவு பயந்திட்டீரே தம்பி."

பிரியந்தனின் கையிலிருந்த பேனை மேசையில் உருண்டது. அவன் அதை எடுக்கவில்லை. காலையிலிருந்து அவனைத் தின்றுகொண்டிருந்த கேள்வி வெளியே வந்தது.

"நான் ரெண்டு தரம் மூக்கில கை வைச்சுப் பார்த்தனான் அன்ரி... மூச்சே வரேல்லை. பிறகெப்பிடி அவர் கிளினிக்குக்குப் போவார் எண்டு..."

நிறுத்தினான்.

தான் சொன்னது அவன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

ஓ.ஐ.சி. பைலைத் திரும்பத் திறந்து, டோரினின் பெயரை வெட்டினார்.

நாலு மணிக்கு ஜீப் நீதிமன்றத்துக்குப் போனது. உள்ளே பிரியந்தன். வீட்டை விற்க மாமா கையெழுத்துப் போட மறுத்தாராம். அவ்வளவுதான்.

டோரின் வாசலில் நின்று சேலையைச் சரிசெய்தாள். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

"நாளைக்கு எங்க வேலைக்குப் போறது மிஸ்?"

"மேல என்னட்ட வாரும். ரெண்டு பேரும் சேர்ந்து சமைப்பம்."

டோரின் அப்போதுதான் அழுதாள். கொட்டாஞ்சேனை பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டுத் திரும்பினால், யோகராஜ் படியில் உட்கார்ந்திருந்தான். தொப்பி மடியில். அடையாள அட்டையையும் துப்பாக்கியையும் உள்ளே வாங்கிவிட்டார்கள்.

"மனுசிக்கு இன்னும் சொல்லேல்லை அக்கா."

சுபோதினி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தோளில் கை வைத்தாள்.

போன் அடித்தது. மர்லியா.

"மிஸ், ஒரு கரச்சல். அந்த ஐயாட பைல மூட ஏலாம ஈக்குது. அட்டைய ரத்துச் செய்றதெண்டா நோயாளி நேர்ல வந்து கைரேகை வைக்கோணுமாம். மேல எடுத்துக் கேட்டேன். அவர் வருவாரா மாட்டாரா எண்டு எழுதித் தரச் சொல்றாங்க. என்ன எழுத?"

சுபோதினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வருவார் எண்டு எழுதும் மர்லியா. செத்த பிறகும் கிளினிக்கைத் தவறவிடாத மனுசன்."