கொக்கு வரைந்த மூக்குகள்

வகுப்பில் எல்லோரும் அவளை வானொலி என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள்.

வெள்ளிக்கிழமை ஓவிய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வரைந்த படத்தைப் பலகையில் மாட்டுவார்கள். அது என்ன சொல்கிறது என்று வேறொருவர் சொல்ல வேண்டும். அதுவரை வரைந்தவர் பேசக் கூடாது.

அன்று மாட்டியது கொக்கு வரைந்த படம். நெட்டையாக இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். கால் முறிந்து இரண்டு மாதம் படுத்திருந்தவன், அந்த வாரம்தான் பள்ளிக்குத் திரும்பியிருந்தான்.

படத்தின் நடுவே மின்விசிறி. சுற்றிலும் தலைகள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் பெரிய தாடை, கிணறு மாதிரி இரண்டு மூக்குத் துளைகள், புள்ளி புள்ளியாகக் கண்கள்.

"வானொலி, நீ சொல்லும்மா" என்றார் டீச்சர்.

"இது மூக்கு டாக்டரோட விளம்பரம் டீச்சர்!"

வகுப்பு சிரித்தது. சிரிப்பைக் கேட்டால் அவளுக்கு நிற்கத் தெரியாது.

"இந்த மூக்கை வாடகைக்கே விடலாம். எலி குடும்பத்தோட வந்து தங்கும். இவங்க எல்லாரும் ஒண்ணா தும்மினா ஃபேன் தானா சுத்தும். கரண்ட் மிச்சம்!"

பையன்கள் மேசையைத் தட்டினார்கள். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் "போதும்" என்றார்.

கொக்கு நொண்டிக்கொண்டே போய்ப் படத்தைக் கழற்றினான். சுருட்டிப் பைக்குள் திணித்தான்.

"திங்கட்கிழமை கண்காட்சிக்கு வேணுமேப்பா?"

"வேண்டாம் டீச்சர்."

அன்று மாலை வானொலியின் ரப்பர் கட்டிலுக்கு அடியில் உருண்டது. எட்டி எடுத்தவள், எழுந்திருக்கச் சோம்பல்பட்டு அப்படியே தரையில் மல்லாந்தாள்.

"என்னடி, துடைப்பம் மாதிரி கிடக்கிறே?" அம்மா குனிந்தாள்.

பெரிய தாடை. இரண்டு மூக்குத் துளைகள். எங்கேயோ சின்னதாகக் கண்கள். தலைக்குப் பின்னால் மின்விசிறி.

"அம்மா, நகராதே!"

"ஏன், என் மூஞ்சியில என்ன?"

வானொலிக்குப் பளிச்சென்று புரிந்தது. கொக்கு எதையும் கோணலாக வரையவில்லை. இரண்டு மாதம் பார்த்ததை அப்படியே வரைந்திருக்கிறான்.

எல்லோரும்தானே சிரித்தார்கள் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. சிரிக்க வைத்தது யார்?

திங்கட்கிழமை காலை, அவன் மேசையருகே போய் நின்றாள்.

"படம் இருக்கா?"

"எதுக்கு? மிச்ச மூக்கையும் வாடகைக்கு விடவா?"

"பார்க்கத் தெரியாம உளறிட்டேன். தப்புதான்."

"கேலி எல்லார் முன்னாடியும். மன்னிப்பு மட்டும் காதுலயா?"

அவன் கேட்டது நியாயம்.

"சரி, எல்லார் முன்னாடியும் சொல்றேன். படத்தைக் குடு."

"மறுபடி சிரிச்சாங்கன்னா?"

"என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க."

அவன் யோசித்து யோசித்து, கடைசியில் படத்தை எடுத்துக் கொடுத்தான். அவள் டீச்சரிடம் அனுமதி வாங்கி, பெரிய மேசையின் அடிப்பக்கத்தில் அதை ஒட்டினாள். வகுப்பு வேடிக்கை பார்த்தது.

"வெள்ளிக்கிழமை நான் சொன்னது தப்பு" என்றாள். "நான் நின்னுக்கிட்டுப் பார்த்தேன். இது படுத்துக்கிட்டுப் பார்க்கிற படம்."

மேசைக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தாள். யாரோ கிக்கென்று சிரித்தார்கள். காது சுட்டது. எழுந்திருக்கவில்லை.

"ஒருத்தன் எழுந்திருக்க முடியாமப் படுத்திருக்கான். வர்றவங்க எல்லாரும் நின்னபடி குனிஞ்சு பார்க்கிறாங்க. அப்படியே போயிடுறாங்க." படத்தின் ஓரத்தை உற்றுப் பார்த்தாள். "இருங்க. ஓரத்துல ஒரு முகத்துல மட்டும் மூக்குத் துளை தெரியல. கண்ணு ரெண்டும் முழுசா இருக்கு. இவங்க நிக்கல. இவன் பக்கத்துலயே படுத்திருக்காங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

கொக்கு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். காலைப் பிடித்து நீட்டிக்கொண்டு, மேசைக்கு அடியில் நகர்ந்து வந்தான்.

"கொஞ்சம் தள்ளிப் படு" என்றான். "அது என் தங்கச்சி. மத்தவங்க யாருன்னு நானே சொல்றேன்."