ஆறுதல் என்னும் செயற்கூறு

லிஃப்டில் ஏறியதும் எதிர்வீட்டுச் சபாபதி கழுத்தருகே இருந்த குரல்பொத்தானைத் தொட்டார். அது அவருடைய குரலிலேயே வணக்கம் சொல்லி, வெயிலைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டது. ஸ்டெல்லாவின் பொத்தான் பதில் சொன்னது. இருவரும் உதட்டைக்கூட அசைக்கவில்லை. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். பொத்தான் அதையும் மூடிவிட்டது.

பேச்செல்லாம் பொது நிரலகம் என்ற கணினித் தொகுப்பிலிருந்து வந்தது. வணக்கம், நன்றி, மன்னிப்பு, கிளம்பாத விருந்தாளியைக் கிளப்புவது என்று ஒவ்வொன்றுக்கும் தயாரான செயற்கூறு, அதாவது ஒரு குட்டி நிரல், அங்கே இருந்தது. கூப்பிட்டால் போதும், மீதியை அது பேசிவிடும். சொந்தமாக உளறி அவமானப்பட வேண்டியதில்லை. 'ஆறுதல்' செயற்கூற்றை எழுதியவள் ஸ்டெல்லா, பராமரிப்பவளும் அவளே. அப்பா இறந்தபோது தன்னிடம் யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியதைத்தான் அதில் எழுதிவைத்திருந்தாள்.

பிறகு அவள் கணவர் அருளப்பன் மாரடைப்பில் போனார். வந்தவர்கள் எல்லோரும் பொத்தானைத் தொட்டார்கள்.

"அழுகை வந்தா அடக்காதீங்க. வராட்டியும் தப்பில்ல. நான் இங்கதான் இருக்கேன்."

'தப்பில்ல'வுக்குப் பிறகு குரல் லேசாக இடறும். அந்த இடறலை வைத்தவளும் அவள்தான். சொல்லிவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள், சபாபதியும் போனார்.

தங்கை ஜெசிந்தாவிடம் மட்டும் பொத்தானைக் கழற்றிவிட்டுப் பேசச் சொன்னாள். ஜெசிந்தா கழற்றினாள்.

"என்ன சொல்றதுன்னு தெரியலையேக்கா," என்றாள். அவள் விரல்கள் கழற்றிய பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தன.

ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடத் தனிமைதான் அதிகமாக வலித்தது. தன் பொத்தானைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டாள். நிரலகத்தைத் திறந்து, ஆறுதலுக்குள் இருந்த வரிகளை அழித்தாள். இனி யார் கூப்பிட்டாலும் மௌனம்தான் திரும்பும். அப்போதாவது மனிதர்கள் வாய் திறப்பார்கள் என்று நம்பினாள். புகார்கள் குவிந்தன. அவள் அசைந்துகொடுக்கவில்லை.

அந்த வாரமே சபாபதியின் மனைவி இறந்துபோனார். வீடு நிறையக் கூட்டம். பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தவர்கள், ஒன்றும் வராததால் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் சபாபதி மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஸ்டெல்லா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தைக்காக அவர் காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவளும் அப்படிக் காத்திருந்தவள்தானே. புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மனதைத் துழாவினாள். அங்கே இருந்தது அது ஒன்றுதான்.

"அழுகை வந்தா அடக்காதீங்க. வராட்டியும் தப்பில்ல." குரல் நிஜமாகவே இடறியது. "நான் இங்கதான் இருக்கேன்."

சபாபதி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்க பொத்தான் மட்டும் வேலை செய்யுது போலிருக்கேம்மா," என்றார்.

ஸ்டெல்லாவின் கை வெறும் கழுத்துக்குப் போனது.

சொல்லி முடித்தவர்கள் கிளம்பிவிடுவதுதான் வழக்கம். அவர் மெல்ல எழுந்துபோய், அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.