மெஷின் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதும்

குக்கர் விசில் அடித்தபோது பிளசியின் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. அவள் விழவில்லை. பார்வை மட்டும் ஒரு கணம் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது. பிறகு குனிந்து டம்ளரை எடுத்தாள். சிந்திய தண்ணீரைக் காலால் தேய்த்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். பார்த்தது அவளுடைய அப்பா மரிய ஆனந்த் மட்டும்தான்.

போன வாரம் பள்ளியில் மணி அடித்தபோது வரிசையில் நின்றவள் மயங்கி விழுந்தாள். அரூரில் ஒரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். இயல்பாக இல்லை என்று தாளின் மேலேயே அச்சாகி வந்தது. டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"மெஷின் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதும். மனசு கேக்கலைன்னா சேலத்துல ஹார்ட் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. காட்டலைன்னாலும் பரவாயில்ல."

இந்தச் சொற்களை ஆனந்த் ஏற்கெனவே கேட்டிருந்தான். மூன்று வருடத்துக்கு முன், மனைவி லீமாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக எடுத்த ஈசிஜியைப் பார்த்து வேறொரு ஊரில் வேறொரு டாக்டர் சொன்னது. அப்போது காட்டவில்லை. அந்த வெயில் காலத்திலேயே ஒரு மதியம், தூங்கிக்கொண்டிருந்த லீமாவின் தலைமாட்டில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவன் வந்து எடுத்தான். கடன் வேண்டுமா என்று பதிவு செய்த குரல் ஒன்று கேட்டது. அது பேசி முடிக்கும்வரை அவன் லீமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சில இதயங்களை நிறுத்தத் தூக்கத்தில் கேட்கும் ஒரு திடீர்ச் சத்தம் போதும் என்றும், அந்தக் கோளாறு தாயிடமிருந்து பிள்ளைக்கு வரலாம் என்றும், அதற்கு மாத்திரை இருக்கிறது என்றும் இந்த வாரம்தான் படித்தான். மாத்திரை. மருந்துக்கடையில் கிடைக்கிற மாத்திரை.

அடுப்படிக்குப் போனான். லீமாவின் அக்கா சகாயராணி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தங்கை போனபின் பிளசியை வளர்க்க வந்து இந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள்.

"குக்கர்ல விசில் விட வேணாம்னு சொன்னேன்ல அண்ணி."

"வெயிட்ட நீங்க ஒளிச்சு வெச்ச எடத்த இன்னிக்குத்தான் கண்டுபுடிச்சேன். காலிங் பெல்லப் புடுங்கியாச்சு. அடுத்தது என் வாயத்தான் தெக்கணும்."

"சாயந்தர ரயிலுக்குச் சேலம் கெளம்பறோம். காலைல ஹார்ட் டாக்டரப் பாத்துட்டு வந்துடறோம்."

அவள் கரண்டியை வைத்தாள்.

"டாக்டரே ஒன்னுமில்லைங்கறாரு. நீங்க அவருக்கு மேல படிச்சுட்டீங்களா தம்பி? அடுத்த ஞாயிறு சர்ச்சுல புள்ளைக்குப் புதுநன்மை, மொத மொதல்ல நற்கருணை வாங்கப் போவுது. கவுனு தைக்கக் குடுத்திருக்கு. அது முடியட்டுங்க. இப்ப போனீங்கன்னா ஹார்ட்டு வந்த புள்ளைன்னு மொரப்பூர் பூரா பேசுவாங்க. நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

"எட்டு வயசு அண்ணி அவளுக்கு."

"பொட்டப் புள்ள பேரு கெடறதுக்கு வயசு வேணுங்களா?"

 ஒரு வாரமாக அவன் இந்தப் பேச்சுக்குப் பணிந்துபோயிருந்தான். இன்று டம்ளர் விழுந்திருந்தது.

"கெளம்பறோம்" என்றான்.

"உங்க புள்ள. கொண்டு போங்க."

பையில் துணி எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தபோது பிளசி சாப்பிட்ட கையோடு உள் அறைக் கட்டிலில் தூங்கிப்போயிருந்தாள். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தாலும் சுவர் இன்னும் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரை வழியே வந்த பழுப்பு வெளிச்சத்தில், வடித்த கஞ்சியின் வாசனைக்கும் ஃபேனின் கடகடப்புக்கும் நடுவே, ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டு மல்லாந்து கிடந்தாள். எழுப்ப வேண்டும். பெயரைச் சொல்ல வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். தன் குரலும் ஒரு சத்தம்தான் என்று அப்போதுதான் தோன்றியது. தோளைத் தொடலாமா என்று நீட்டிய கை பாதி வழியில் நின்றது. அவளாகவே எழட்டும் என்று கட்டிலருகே தரையில் உட்கார்ந்தான்.

கரண்ட் போனது.

ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் அவள் மூச்சு கேட்டது. உள்ளே. வெளியே. நடுவில் கொஞ்சம் நீண்ட இடைவெளி. மறுபடி உள்ளே.

அந்த இடைவெளியில்தான் பறை கேட்டது.

தெருக்கோடி வீட்டுக் கிழவர் ஆண்டி நேற்று இரவு செத்துப்போயிருந்தார். அது அவனுக்குத் தெரியும். மறந்திருந்தான். சுடுகாட்டுக்கு இந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

தூரத்தில் ஒரு வெடி. சின்னது. பிளசியின் இமை துடித்தது.

அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். கொண்டி விழாமல் விரலால் பிடித்துச் சாத்தினான். அடுப்படி வாசலுக்குப் போய்க் கிசுகிசுத்தான்.

"அண்ணி, ஓடிப்போய் ஆண்டி மவன் நஞ்சப்பன்கிட்டச் சொல்லுங்க. நம்ம வூட்டுக்கிட்ட மட்டும் வெடி போட வேணாம்னு."

"அவங்கப்பன தூக்கிட்டுப் போறான். அவங்கிட்டப் போயி வெடி போடாதேன்னா? ஒதைப்பான்." சிரித்தபடி, பிணம் பார்க்க வாசலுக்குப் போனாள்.

தானே போகலாம். போனால் அறையில் இவள் தனியாக.

திரும்பி வந்தான். பறை நெருங்கியது. தரை அதிர்ந்தது. கட்டில் கால் அதிர்ந்தது. சாமந்தியும் கருமருந்தும் கலந்த நாற்றம் கதவிடுக்கில் நுழைந்தது. எழுப்பு. எழுப்பினால்? எழுப்பாவிட்டால்?

மண்டியிட்டான். இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் காதுகளைப் பொத்தினான். அழுத்தாமல். விரல் நுனியில் நெற்றிப்பொட்டு. அங்கே துடிப்பு இருந்தது. மெல்லியது. சீரானது.

அவளைப் பெற்றதிலிருந்து அவன் எதையும் இவ்வளவு கவனமாகப் பிடித்ததில்லை.

வாசலுக்கு நேரே சரவெடி.

வீடு குலுங்கியது. அவன் விரலுக்கு அடியில் துடிப்பு எகிறியது. தாறுமாறாக ஓடியது. தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு போல. வெடி தீரவில்லை. வெடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தீர்ந்தது.

விரலுக்கு அடியில் ஏதோ துடித்தது. அது அவனுடைய விரலாக இருக்கலாம்.

பறை சுடுகாட்டுப் பக்கம் திரும்பியது. தேய்ந்தது. அவன் கையை எடுக்கவில்லை. எடுத்தால் பார்க்க வேண்டியிருக்கும். கைகளுக்கு இடையே இருந்த முகத்தை விட்டுத் தலையணை உறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சகாயராணி முந்தானையால் புகையை விசிறிக்கொண்டு வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பாத்தீங்களா தம்பி? எவ்ளோ பெரிய வெடி! அசையவே இல்ல பாருங்க எம் புள்ள. ஹார்ட்டு சரியில்லாத புள்ள இப்படித் தூங்குங்களா?"

அவன் உள்ளங்கைகள் அவள் காதுகளின் மேலேயே இருந்தன.

"கைய எடுங்க. வேர்த்துக் கொட்டும் அதுக்கு."

எங்கிருந்தோ ஓர் ஈ வந்து பிளசியின் கீழுதட்டில் உட்கார்ந்தது. உதட்டோரமாக நடந்தது. கன்னத்தில் ஏறியது. பாதி திறந்திருந்த கண்ணுக்குள், ஈரத்தின் மேல் இறங்கி நின்று, கால்களைத் தேய்த்துக்கொள்ளத் தொடங்கியது.